கை பார்க்கும் திங்கட்கிழமை

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையோடு சரி. கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் தெருவிலும் பஸ் நிறுத்தத்திலும் அவர் ரசமட்டம்தான்.

சுவர் பூசுகிறவர்கள் மட்டம் பார்க்க வைத்துக்கொள்ளும் சின்னக் கருவி அது. நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் வந்து நின்றால் எல்லாம் நேர். மற்ற பூச்சுக்காரர்கள் வேலை முடிந்ததும் அதைப் பூசுகிற கரணையோடும் கயிற்றோடும் சேர்த்துச் சாக்கில் சுருட்டிவிடுவார்கள். இவர் மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். டீக்கடை பெஞ்சு, ஆஸ்பத்திரி நாற்காலி, பாங்க்கில் பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கும் மேடை, ஒன்றையும் விட்டதில்லை. குமிழி ஓரம் ஒதுங்கினால் அவர் முகமும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அட்டைத் துண்டு ஒன்றை மடித்துக் காலுக்கடியில் சொருகி, குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் டீ தொண்டையில் இறங்கும்.

கல்யாணம் ஆனதே இந்தப் பழக்கத்தால்தான். மாமனார் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஈரம் இறங்கிப் பூச்சு உதிர்ந்தபோது அதைச் சரிசெய்யப் போனார். மத்தியானம் சாப்பிட உட்காரச் சொன்னார்கள். மேசை ஆடியது. அவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து அரைமணி நேரம் என்னவோ செய்தார். எழுந்தபோது தலையை இடித்துக்கொண்டார். அந்த வீட்டில் தண்ணீர் டம்ளர் சிந்தாமல் நின்றதை அன்றைக்குத்தான் முதன்முறையாக எல்லோரும் பார்த்தார்கள். வாசற்கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்த மூத்த மகளும் பார்த்தாள்.

"அன்னிக்கு என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பாக்கலை. மேசையை மட்டும் அப்படிப் பாத்தீங்க" என்று கல்யாணத்துக்குப் பிறகு அவள் குறைப்பட்டாள்.

"நீ நேராத்தானே நின்ன. மேசைதான் கோணல்" என்றார் ரசமட்டம்.

இதைவிடப் பெரிய காதல் வசனம் எதுவும் அவர் வாயிலிருந்து அதற்குப் பிறகு வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவள் மணப்பெண் கவுன் தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். மெஷினில் உட்கார்வது மற்றவர்கள். இவள் கைத்தையல்; அதிலும் சாட்டின் துணிக்கு ஓரம் தைப்பவள். பாவாடையின் அடிவிளிம்பை மடித்து, உள்பக்கத்தில் நூலுக்கு நூல் பிடித்து, வெளிப்பக்கத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியாமல் கொண்டுபோக வேண்டும். ஊசி போன சுவடு தெரியக்கூடாது. பால் வழிந்து அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருக்க வேண்டும் அந்த விளிம்பு.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு கவுனின் கைப்பகுதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்து தைத்துக்கொண்டிருந்தாள். ரசமட்டம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், ஆசை தாங்காமல், ஒரு விரலால் தடவினார். சர்ர் என்று ஒரு சத்தம். சிமென்டில் வெடித்த விரல் நுனி ஒரு இழையைக் கவ்வி இழுத்துவிட்டது. வெள்ளைத் துணியில் கண்ணாடிக் கீறல் மாதிரி ஒரு கோடு ஓடியது. அவள் கைப்பகுதி முழுவதையும் பிரித்துப் புதுத் துணியில் மறுபடி தைத்தாள். அதற்குப் பிறகு அவள் சாட்டினை மடியில் எடுத்தால், அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்ப்பார். மனைவி வாழ்நாளெல்லாம் செய்த வேலையை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அவர் பூசிய சுவர் இந்த ஊரில் எத்தனையோ. அதிலெல்லாம் அவள் கையை வைத்து, "வழவழன்னு இருக்குங்க" என்று சொல்லியிருக்கிறாள். இவர் மட்டும் அவள் வேலையைப் பற்றிக் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

குளிர்காலம் வந்தால் இந்தக் கதை தலைகீழாகும். அப்போது அவள் கையும் அவருடையதைப் போல ஆகிவிடும். காற்றில் ஈரமே இருக்காது. உதட்டை நனைத்தால் அடுத்த நிமிஷம் காய்ந்துவிடும். ஊசி பிடிக்கும் இரண்டு விரல்களின் நுனியில் தோல் மெல்லிசாக எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. சாட்டினுக்குத் தெரியும்.

அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வறண்ட காற்று அடிக்க ஆரம்பித்ததும், ஒரு திங்கட்கிழமை காலையில் கடைக்காரம்மா வெட்டு மேசையின் மீது ஒரு நீளச் சாட்டினை இழுத்துப் பரப்புவார். ரேடியோவை அணைப்பார். தைக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, உள்ளங்கையைத் துணிமீது வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழித்துக்கொண்டு போக வேண்டும். சத்தம் வந்தால் அந்தக் கைக்குக் குளிர்காலம் முடியும்வரை சாட்டின் கிடையாது, பட்டன் தைக்கும் மேசைதான். சத்தம் வராதவர்களுக்கு இரண்டாவது சோதனை: ஒரு மெல்லிய வெள்ளைத்தாளில் கையை அழுத்த வேண்டும். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எண்ணெய்க் கறை தெரிந்தால் அதற்கும் பட்டன் மேசைதான். காலையில் எழுந்து எண்ணெயைத் தடவிக்கொண்டு வந்து ஏமாற்ற முடியாது. கடையில் இதற்குப் பெயர் கை பார்ப்பது.

பட்டன் மேசை மோசமான இடமில்லை. ஹீட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் பேசுவதற்கும் ஆள் உண்டு. போன குளிர்காலம் முழுக்க அவள் அங்கேதான் இருந்தாள். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் டிரைவரம்மா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்.

டிரைவரம்மா அவர்கள் தெருவுக்கு வரும் பஸ்ஸை ஓட்டுகிறவர். வாட்டசாட்டமான ஆள். நாற்பது தாண்டிய பிறகு, டிப்போவில் டயர் மாற்றுகிறவரைப் பிடித்துப்போய்க் கல்யாணம் என்று முடிவானது. கவுன் தைக்கக் கொடுக்க வந்த அன்று கடையின் நடுவில் நின்று, ஹாரன் மாதிரி ஒரு குரலில் சொன்னார்:

"எனக்குக் கவுன் எப்படி வேணா இருக்கட்டும். கீழ் விளிம்பை மட்டும் இவங்கதான் தைக்கணும். காலையில இவங்க ஓடி வர்ற ஓட்டத்தைக் கண்ணாடியில பாத்துக்கிட்டே நின்னுருக்கேன் நான். எத்தனை பேர் என்னைத் திட்டியிருக்காங்க தெரியுமா இவங்களுக்காக?"

உண்மைதான். அந்த பஸ் ஒருநாளும் அவளை விட்டுவிட்டுப் போனதில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, கையை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்க கை பாக்குறாங்களாம்."

"ம்."

"அதுக்குள்ள இது சரியாகலைன்னா விளிம்பு வேற ஆளுக்குப் போயிரும். டிரைவரம்மாகிட்ட நான் என்ன முகத்தை வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்? பஸ்ஸுல ஏற முடியுமா நான்?"

கடையில் விற்கிற கிரீம்களை அவள் பார்க்காமலில்லை. ஒன்று தடவினால் கை சிவந்து எரிந்தது. ஒன்று மணத்ததோடு சரி. இன்னொன்று நாள் முழுக்கப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ரசமட்டம் அவள் விரலைப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். புது வேலைக்குப் போனால் சுவரை அவர் பார்க்கிற பார்வை அது.

"இது ஒரு பூச்சு வேலைதானே. நான் பாத்துக்கறேன்" என்றார்.

மாடி அறையில் குடியிருந்து, சாப்பாட்டுக்கு மட்டும் கீழே இறங்கிவரும் மச்சினன் அப்போதுதான் உள்ளே வந்தான். சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். அக்கா வீட்டுக்காரரைக் கிண்டல் செய்யாமல் அவனுக்குச் சோறு செரிக்காது.

"மாமா, அக்கா கையில சிமென்ட் பூசிறாதீங்க. அப்புறம் எனக்கு யார் சோறு போடுறது?"

மறுநாள் ரசமட்டம் தேன் விற்கிறவரிடமிருந்து ஒரு கட்டி தேன்மெழுகு வாங்கிவந்தார். பாதாம் எண்ணெய் ஒரு பாட்டில், தேங்காயெண்ணெய் ஒரு பாட்டில். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் இன்னொரு கிண்ணத்தை மிதக்கவிட்டு, மெழுகைத் துருவிப் போட்டார். கலவை என்பது அவருடைய ராஜ்யம். வேலையிடத்தில் மணலைக் கையில் அள்ளிப் பார்த்தே எத்தனை சட்டி சிமென்ட் என்று சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில், மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் ஒரு பங்கு என்று போட்டுக் கலக்கினார்.

ஆறியதும் கிண்ணத்தைக் கவிழ்த்தார்கள். டொக்கென்று விழுந்தது.

மச்சினன் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். "நல்லாத்தான் வந்திருக்கு மாமா. திரியை மட்டும் மறந்துட்டீங்க."

அவன் அதை வீணாக்கவில்லை. தன் பூட்ஸில் தேய்த்துக்கொண்டான். பூட்ஸ் பளபளத்தது. இரண்டு நாள் அவன் தலைமுடியைப் பூட்ஸில் பார்த்துத்தான் சீவினான்.

இரண்டாவது முறை மெழுகைக் குறைத்தார். கை காய்ந்திருப்பது தண்ணீர் இல்லாததால்தானே என்று யோசித்து, கலவையில் தண்ணீர் ஊற்றி அடித்தார். அடிக்கும்போது வெண்ணெய் மாதிரி திரண்டு வந்தது. ரசமட்டம் சீட்டியடித்தார். கூரையின் அடிப்பக்கம் பூசும்போதும், அது நன்றாக வரும்போதும் மட்டுமே அவர் சீட்டியடிப்பது வழக்கம். ஆனால் அந்தச் சீட்டி முடிவதற்குள் கலவை பிரிந்துவிட்டது. மேலே மஞ்சள் கட்டிகள், கீழே கலங்கல் தண்ணீர்.

"குடிக்கிறதா, தடவுறதா?" என்றான் மச்சினன்.

"நீ குடி. உனக்குத்தான் எதைக் கொடுத்தாலும் செரிக்கும்" என்றாள் அக்கா.

மூன்றாவது முறை தண்ணீரை விட்டுவிட்டார். ஐந்து பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு. இளஞ்சூட்டில் உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, ஆற ஆறக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. கட்டி பிடிக்கவில்லை. வெளிர்மஞ்சளாக, விரல் வைத்தால் குழைகிற மாதிரி, லேசான தேன் வாசனையோடு வந்தது. ஜாடியில் ஊற்றி ஜன்னல் திண்டில் வைத்தார். மேற்பரப்பு நேராக உறைகிறதா என்று ஜாடிக்கடியில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஜன்னல் திண்டு அவரே பூசியது. குமிழி நடுவில் நின்றது.

அவள் மூன்று நாள் தடவினாள். கடையிலிருந்து கொண்டுவந்த சாட்டின் துண்டில் கையை வைத்து வழித்தாள்.

சர்ர்.

தாளில் கையை அழுத்தினாள். வெளிச்சத்தில் பிடித்தபோது ஐந்து விரலும் எண்ணெயில் அச்சடித்தது போலத் தெரிந்தன. கை காய்ந்துமிருக்கிறது, எண்ணெயாகவுமிருக்கிறது. இரண்டு சோதனையிலும் தோல்வி.

"உள்ள இறங்கவே மாட்டேங்குதுங்க. மேலயே உக்காந்திருக்கு."

ரசமட்டம் தலையைச் சொறிந்தார். பூச்சு மேலேயே நின்றால் சுவரின் பரப்பு சரியில்லை என்று அர்த்தம். பழைய உதிரலைத் தேய்த்தெடுத்துவிட்டுத்தான் புதுப்பூச்சு. அவருக்குத் தெரிந்த பூச்சுக் கலையில் அதற்கு ஒரே வழிதான். பையைத் திறந்து, இருப்பதிலேயே மிக நைசான உப்புத்தாளை எடுத்தார். பட்டி பார்த்த சுவரைக் கடைசியாக வழவழப்பாக்குவது அது. முதலில் தன் இடது கையில் தேய்த்துப் பார்த்தார். பல வருஷச் சிமென்ட் தடிப்பு மாவாக உதிர்ந்தது. மேலே கிரீமைத் தடவினார். தன் கையை அவராலேயே நம்ப முடியவில்லை. கரணை பிடிக்கும் வலது கையை அவர் தொடவில்லை. அது வழுக்கினால் வேலை கெட்டுவிடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் விரல் நுனிகளிலும் தேய்த்தார். மெதுவாக, சுற்றிச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவளும் நம்பிக்கையோடு கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

தேய்த்து முடித்து ஊதிவிட்டு, "இப்பப் பாரு" என்றார்.

அவள் சாட்டின் துண்டில் விரலை வைத்தாள். துணி விரலோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பி வந்தது. உதறினாள். விடவில்லை. விரல் நுனி முழுக்கப் பஞ்சு மாதிரி நுண்ணிய தோல் நார்கள் எழும்பி, துணியை ஒரேயடியாகக் கவ்விக்கொண்டிருந்தன. தடிப்பான கைக்குப் பொருந்திய வைத்தியம் மெல்லிய கையைக் குதறிவிட்டது.

மச்சினன் நழுவி மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"என் கை என்ன உங்க சுவரா?" என்றாள் அவள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. விரலில் தொங்கிய துணியை ஒவ்வொரு இழையாக விடுவித்துக்கொண்டே சொன்னாள். "இதுவரைக்கும் கொஞ்சமாவது நம்பிக்கை இருந்துச்சு."

ரசமட்டம் உப்புத்தாளை மடித்தார். இன்னும் மடித்தார். மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாகும்வரை மடித்தார். பிறகு ஜன்னல் திண்டிலிருந்த ஜாடியைக் கீழே எடுத்துவைத்து அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல், சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து ஜாடியின் மூடிமேல் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில்தான் இருந்தது. அதை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி நடுவில்தான்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு ஜாடி, அதன் தலையில் ஒரு ரசமட்டம், எதிரில் அடிவாங்கிய பிள்ளை மாதிரி ஒரு மனுஷன். கோபத்தைப் பிடித்துவைக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"அதுல என்ன தெரியுது? அது நேராத்தான் இருக்கு. நீங்கதான் கோணல்."

"ஏம்மா, கலவை சரியாத்தான் இருக்கு. எனக்குப் புரியலை. ஏன் பிடிக்க மாட்டேங்குது?"

அவள் ஈரக்கையை உதறிக்கொண்டே வந்து எதிரில் நின்றாள்.

"சரி. சுவருன்னே வெச்சுக்கோங்க. சுவருன்னா சுவரு மாதிரியாவது ஒழுங்காப் பாருங்க. வேலைக்குப் போற இடத்துல அந்தக் கலவைக்கார அக்காவை நாளெல்லாம் என்னன்னு திட்டுறீங்க?"

ரசமட்டம் யோசித்தார். கலவை அள்ளிக் கொடுக்கும் அக்காவைத் திட்டுவதற்கு அவரிடம் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. வீட்டில் தூக்கத்தில்கூட அதைச் சொல்லியிருக்கிறார். 'காஞ்ச சுவருல கரணையை வெக்காதே. முதல்ல தண்ணி அடி. சுவரு குடிச்சு முடிச்சப்புறம் பூசு.'

அவர் அவள் கையைப் பார்த்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் விரல் நுனியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"காஞ்ச கையில..." என்று ஆரம்பித்தார்.

"காஞ்ச கையில மூணு நாளா பூசிட்டிருக்கீங்க. தண்ணியக் கலவையில ஊத்திப் பாத்தீங்க, அது பிரிஞ்சிருச்சு. தண்ணி இருக்க வேண்டியது சுவருலதானே?"

மச்சினன் மாடிப்படியிலிருந்து கைதட்டினான். "மாமா, நாளையிலேர்ந்து அக்காவை வேலைக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க உக்காந்து ஓரம் தைங்க."

அன்றிலிருந்து வீட்டில் வேலை முறையாக நடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் அவள் கையை ஊறவைப்பாள். துணியால் துடைக்காமல் ஒற்றி மட்டும் எடுப்பாள். ஈரம் மினுமினுவென்று இருக்கும்போதே ரசமட்டம் ஜாடியிலிருந்து ஒரு பட்டாணி அளவு எடுத்து, ஒவ்வொரு விரலாக, நகக்கண்வரை பூசுவார். கனமாகப் பூசக்கூடாது. அதுவும் அவர் வேலையிடத்து வசனம்தான். கனமாகப் பூசினால் மேலே நிற்கும். மெல்லிசாகப் பூசினால் உள்ளே போகும். அதன்மேல் அவருடைய துவைத்த பருத்திச் சாக்ஸ் இரண்டை மாட்டிவிடுவார். சாக்ஸ் போட்ட கையோடு அவள் போர்வையை இழுக்க முடியாமல் தவிப்பாள். மூக்கு அரித்தால், "என்னங்க, மூக்கு" என்பாள். அவர் சொறிந்துவிடுவார். காலையில் சாக்ஸைக் கழற்றிக் கையைக் கழுவிவிட்டால் எண்ணெய் போய்விடும். மென்மை மட்டும் தங்கிவிடும்.

புதுப்பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது அவருக்கு வேதம். அதனால் பகலிலும் விடவில்லை. வேலையிடத்திலிருந்து போன் போட்டு, "ஏம்மா, கையை நனைச்சியா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்ததால் இன்னும் மோசம். அவள் எந்த அறைக்குப் போனாலும் ஜாடி பின்னாலேயே வந்தது.

"மாமா, விரிசல் விடாம இருக்க ஈரச்சாக்கு ஒண்ணு போட்டு அக்காவை மூடிருங்களேன்" என்றான் மச்சினன். பேசிக்கொண்டே, யாரும் பார்க்காதபோது, தன் வெடித்த குதிகாலைத் தண்ணீரில் நனைத்து ஜாடியில் கைவைத்தான். அக்கா பார்த்துவிட்டாள்.

"டேய், அது விளிம்பு தைக்கிற கைக்கு!"

"என் காலும் கிளட்சு மிதிக்கிற கால்தான்க்கா."

இடையில் ஒருநாளும் அவள் சாட்டின் துண்டை எடுக்கவில்லை. "பூசினதைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா காயுமா?" என்று ரசமட்டம் அதை எடுத்து மறைத்துவைத்துவிட்டார். உண்மையில் அவருக்குப் பயம். இன்னொரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் பஸ்ஸில் ஏறியபோது டிரைவரம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் கையுறை போட்ட இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். டிரைவரம்மா ஒரு ஹாரன் அடித்தார். முன்னால் போன சைக்கிள்காரர் காரணமில்லாமல் திடுக்கிட்டார்.

ரசமட்டம் அன்று ஒரு மாடிப்படிச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். வேலையில் மனசு இல்லை. பூசிய இடத்தையே மறுபடி பூசினார். கலவைக்கார அக்கா சட்டியை வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, இன்னிக்குத் தண்ணி அடின்னு ஒரு தடவைகூட என்னைத் திட்டலை. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அப்போது போன் அடித்தது. ரசமட்டத்தின் இரண்டு கையும் கலவை. சட்டைப் பையை மோவாயால் காட்டினார். அக்கா போனை எடுத்துப் பொத்தானை அழுத்தி அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

"ஹலோ? ஏம்மா? என்னாச்சு?"

"இருங்க. கேளுங்க" என்றாள் அவள். குரல் தூரத்தில் போனது.

ரசமட்டம் காதைக் கூர்மையாக்கினார். ஒன்றுமில்லை. காது வலிக்கிற அளவுக்குப் போனில் ஒட்டிக்கொண்டார். அப்போதும் ஒன்றுமில்லை.

"ஹலோ? ஹலோ? அக்கா, சிக்னல் போயிருச்சா பாருங்க."

"இருக்குண்ணே. எல்லாக் கோடும் இருக்கு."

"கேட்டுச்சா?" என்று திரும்பி வந்தாள் அவள்.

"இல்லம்மா. ஒண்ணுமே கேக்கலை."

"நல்லாக் கேட்டீங்களா?"

"நல்லாத்தான் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை."

"அதேதாங்க!" அவள் கத்திய கத்தல் அக்காவுக்கே கேட்டது. "இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் வழிச்சேன். ஒரு சத்தமும் இல்லை. தாளும் சுத்தம். கடைக்காரம்மா ரெண்டு தடவை வழிக்கச் சொன்னாங்க. இது மூணாவது, உங்களுக்காக!"

ரசமட்டம் மாடிப்படி அதிர ஒரு சீட்டி அடித்தார். போனைப் பிடித்திருந்த அக்கா பயந்துபோய்க் காதைப் பொத்திக்கொண்டார். "என்னண்ணே, யாருக்குக் குழந்தை பொறந்திருக்கு?"

"விளிம்பு, அக்கா! விளிம்பு நம்ம வீட்டுல தைக்கிறோம்!" என்றார் ரசமட்டம். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார். அன்று மத்தியானம் எல்லோருக்கும் டீ ரசமட்டத்தின் கணக்கு. டீக்கடை பெஞ்சு ஆடியது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

கவுன் முடிந்த நாள் சாயங்காலம் அவளை அழைத்துவர ரசமட்டம் கடைக்குப் போனார். வாசலிலேயே நிற்பதுதான் வழக்கம். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது: கடையின் நடுவில் ஒரு முக்காலியின்மேல், வெள்ளைச் சாட்டினில் டிரைவரம்மா. பஸ்ஸின் உயரத்திலேயே அவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த உயரம் பொருத்தமாக இருந்தது. மற்றபடி ஆளே வேறு. கழுத்திலிருந்து தரைவரை வெளிச்சம் தடையில்லாமல் இறங்கி வந்து, விளிம்பில் மடங்கி நின்றது.

"வாங்க வாங்க, ஏன் வெளியிலேயே நிக்கிறீங்க?" என்று கடைக்காரம்மா கதவைத் திறந்தார். "உங்க கிரீமுக்கு இங்க ஒரு க்யூவே நிக்குது. எல்லாரும் கிண்ணத்தைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வரப்போறாங்க."

"செய்யறது எப்படின்னு சொல்லித் தர்றேங்க. கஷ்டமே இல்லை. முக்கியமான விஷயம் ஜாடியில இல்லை" என்றார் ரசமட்டம். பேச்சு கடைக்காரம்மாவிடம் இருந்தது. கண் விளிம்பில் இருந்தது. கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. தள்ளி நின்றே குனிந்து, ஒரு கண்ணை மூடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

அவள் தரையில் உட்கார்ந்து கடைசி நூலை அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு எட்டி, அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து இடது கையை இழுத்தாள். பெருவிரலால் அவர் விரல் நுனி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள். தினமும் ஜாடிக்குள் போய்வந்த விரல்கள். அவள் கைக்குப் பூசப் பூச இதற்கும் அதே பூச்சு. அவருக்கே தெரியாமல் அந்தக் கை தேறியிருந்தது.

"தொட்டுப் பாருங்க" என்றாள்.

"வேணாம்மா. ஏதாவது ஆயிடும்."

"ஆகாது. நான் பாத்துட்டேன்."

"ஐயா, சீக்கிரம் தொடுங்க. எனக்கு முக்காலியில நிக்க வரலை. ஸ்டீயரிங் இல்லாம பிடிப்பே இல்லை" என்றார் மேலேயிருந்து டிரைவரம்மா.

ரசமட்டம் மண்டி போட்டார். இடது கையைப் பேன்ட்டில் ஒருதரம் துடைத்தார், இன்னொரு தரம் துடைத்தார். பிறகு விளிம்பில் விரலை வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் தைத்த மடிப்பின் மேலேயே, சாவகாசமாக வழித்துக்கொண்டு போனார். கீழே பல ஆயிரம் தையல்கள் இருந்தன. ஒன்றுகூட விரலுக்குத் தட்டுப்படவில்லை. துணி அவரைக் கவ்வவில்லை. முக்காலியைச் சுற்றி மண்டியிட்டபடியே நகர்ந்து நகர்ந்து, கவுனை ஒரு முழுச்சுற்று சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடித்தார்.

கடையில் ரேடியோ ஓடவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

"என்னங்க, எப்படியிருக்கு?" என்று கேட்டாள்.

அவர் விளிம்பிலிருந்து விரலை எடுத்தார். எப்போதும் போலச் சட்டைப் பைக்குக் கை போயிற்று. குளிர்ந்த கருவியைத் தொட்டதும் என்ன நினைத்தாரோ, அதை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

"இன்னொரு சுத்துப் பாத்துக்கட்டுமா?" என்றார்.